இடுக்கண் காலத்தில் நன்றியும் அன்பும்: நெல்லைச் சபைகளிலிருந்து கொங்கு நாடு வரை

கோவை மாநகரின் கீழ்பால், திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த சிங்காநல்லூர், நொய்யலாற்று நீரால் நிறையும் குளத்தையும் அதனைச் சார்ந்த வயல்களையும் உடையதாய் இருந்த பழைய ஊராகும். இருபதாம் நூற்றாண்டில் பஞ்சாலைகள் பெருகியபின் அதன் தோற்றம் மாறிற்று. 1981-ஆம் ஆண்டில் அது கோவை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. வயல்களிற் பல வீடுகளாயின. ஆயினும், இவ்வட்டாரத்துத் தென்னிந்தியத் திருச்சபைக் கோயில்களில் 'அறுப்பின் பண்டிகை' ஆண்டுதோறும் நடைபெறுகின்றது. நெற்கதிரும் கரும்பும் வாழைத்தாரும் பூசணிக்காயும் கோழியும் கோயிலுக்கு வந்து சேர்கின்றன. வழிபாடு முடிந்தபின் அவை முற்றத்தில் ஏலம் விடப்படுகின்றன. சந்தையில் சில ரூபாய் பெறும் பொருள் அங்கே பன்மடங்கு விலைபோவது வழக்கம். ஏர் பிடித்தறியாத இளந்தலைமுறையினர் கடையில் விலைக்கு வாங்கிய காய்களையே முதற்பலனாகக் கொணர்வதும் உண்டு. இதனைக் கண்டு நகைப்பாரும் உளர். நகைப்பதற்கு முன், இவ்வழக்கம் எந்நிலத்தில் வேரூன்றி இங்கு வந்தது என்பதனை ஆராய்தல் நன்று.

அறுப்பின் பண்டிகை என்னும் அமைப்பு இங்கிலாந்திலிருந்து வந்தது என்பதில் ஐயமில்லை. கார்ன்வால் பகுதியில் ஹாக்கர் என்னும் குருவானவர் 1843-இல் நடத்திய நன்றி வழிபாட்டையே அதன் இக்கால வடிவத்துக்குத் தோற்றுவாயாகக் கொள்வர். ஆயின் தமிழகத்தில் அவ்வடிவத்துக்கு உயிரளித்தது வேறொன்றாகும். துன்புற்ற காலத்தில் கிறித்தவர் தம்முள் ஒருவர்க்கொருவர் புரிந்த உதவியும், அவ்வுதவி மறக்கப்படாதிருக்க அவர்கள் அமைத்துக்கொண்ட பொதுநிதிகளும் அதற்கு முன்னரே இங்கு இருந்தன. நெல்லை நாட்டில் 1799 முதல் இது படிப்படியாக வளர்ந்தவாற்றையும், பின்னர்க் கொங்கு நாட்டை எய்தியவாற்றையும் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் சொல்லைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். பழந்தமிழில் 'நன்றி' என்பது நன்மை, உதவி என்னும் பொருளது. எனவே, உதவி பெற்றார் செய்யக்கடவது நன்றி 'கூறுதல்' அன்று. நன்றி 'அறிதல்' ஆகும். திருக்குறளின் பதினோராம் அதிகாரப் பெயரே இதற்குச் சான்று. விவிலியத்தைத் தமிழாக்கியோர், நன்றி கூறுதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்குப் பல இடங்களில் 'ஸ்தோத்திரம்' என்னும் வடசொல்லை ஆண்டனர். புகழ்ச்சியைக் குறித்த அச்சொல் இங்ஙனம் கிறித்தவத் தமிழில் நன்றியையும் குறிப்பதாயிற்று. ஸ்தோத்திரக் காணிக்கை, ஸ்தோத்திரப் பண்டிகை முதலிய தொடர்கள் இதன்வழிப் பிறந்தன.

கி.பி. 50-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாசிதோனியத் துறைமுக நகராகிய தெசலோனிக்கேயாவில் வாழ்ந்த சிறு கிறித்தவக் குழுவினர் பகைவரால் அலைக்கப்பட்டனர். அவர்களுக்குப் பவுல் எழுதியனவாக இரண்டு நிருபங்கள் விவிலியத்தில் உள்ளன. அவற்றுள் இரண்டாவது தொடங்கும் முறை நோக்கத்தக்கது. துன்பத்தின் நடுவே அம்மக்களின் விசுவாசம் வளர்ந்தது; ஒருவர்மேல் ஒருவர் கொண்ட அன்பும் பெருகிற்று. அதன்பொருட்டுக் கடவுளுக்கு நன்றி செலுத்துவது தமக்குக் கடன் என்று எழுதியவர் கூறுகின்றார். தாம் பெற்ற உதவியைப் பற்றி அவர் ஈண்டுப் பேசவில்லை. உதவி பெற்றவன் உதவினவனை நினைத்தல் உலக வழக்கு. பிறர் தம்முள் அன்பு பெருகக் கண்ட ஒருவன் அதனைத் தன் கடனாகக் கொள்ளுதல் அவ்வழக்கின் மேற்பட்டது. நெல்லை வரலாற்றில் இவ்விருவகை நன்றியும் காணப்படுகின்றன; அவை ஒன்றோடொன்று மோதியதும் உண்டு.

பாளையங்கோட்டையில் கிளாரிந்தா என்னும் மராட்டிய அந்தணக் கைம்பெண் 1778-இல் சுவார்ட்சு ஐயரிடம் திருமுழுக்குப் பெற்றார். அவர் முயற்சியால் எழுந்த கோயில் 1785-இல் வழிபாட்டுக்குரியதாயிற்று. தஞ்சையில் 1790-இல் குருப்பட்டம் பெற்ற சத்தியநாதன் அங்கு அனுப்பப்பட்டார். இஃது ஒரு நகரச் சபை. படைவீரரும் அலுவலரும் அவரைச் சார்ந்தோருமே அதன் உறுப்பினர். நாட்டுப்புறத்தில் நிலைமை வேறாயிற்று. சாத்தான்குளத்தை அடுத்த காலன்குடியிற் பிறந்து தஞ்சை சென்று கிறித்தவராகித் திரும்பிய தாவீது சுந்தரானந்தம் என்பவர் தம் உறவினரிடையே புதிய சமயத்தைப் பரப்பினார். பனைத்தொழிலாளராகிய அம்மக்கள் சிலர் 1797-இல் திருமுழுக்குப் பெற்றவுடன் எதிர்ப்பும் எழுந்தது. வழிபாட்டுக் கூரை தீக்கிரையாயிற்று.

இவ்வெதிர்ப்பு ஏன் அத்துணை வலிமையுடையதாயிற்று என்பதற்குச் சமயம் மட்டும் விடையாகாது. பனையேறி வாழ்ந்தோருட் பலர்க்குக் குடியிருந்த மனையும் ஏறிய பனையும் பிறருடையன. பதநீர் இறங்கும் சில மாதங்களில் ஈட்டிய கருப்பட்டியைக் கொண்டே ஆண்டு முழுதும் வாழ்தல் வேண்டும். இடையில் முட்டு நேரின் நிலமுடையாரிடமே கடன் பெறல் வேண்டும். எனவே நிலமுடையார் முகஞ்சுளித்தால், மனையும் தொழிலும் கடனும் ஒருங்கே அற்றுப்போம். இத்தகையோர்க்கு ஆறுதல் மொழி போதாது. காலூன்ற ஒரு துண்டு நிலம் வேண்டும்.

இதனைத் தாவீது நன்குணர்ந்தார். ஆங்கிலப் படைத்தலைவர் ஒருவரின் பொருளுதவியோடு தேரிமணற் பரப்பில் ஒரு நிலம் வாங்கப்பட்டு, துரத்தப்பட்ட குடும்பங்கள் 1799-இல் அங்கே குடியேறின. அவ்வூர்க்கு 'முதலூர்' என்று பெயரிட்டனர். தன்னை அடுத்து வேறு ஊர்களும் எழும் என்னும் துணிவு அப்பெயரில் அடங்கியிருத்தல் காண்க. ஒரு சில குடும்பங்கள் குடிசை வேய்ந்துகொண்டு அமர்ந்த மணற்காட்டுக்கு அப்பெயர் இட்டவர்தம் உள்ளத்தை வரலாற்றாசிரியர் எளிதாகக் கடந்துவிடல் ஆகாது. பாளையங்கோட்டையில் வாழ்ந்த சாயர் என்னும் ஐரோப்பிய வணிகர், துன்புற்ற கிறித்தவர்க்கென வாங்கிய நிலம் சாயர்புரம் ஆயிற்று. உதவினார் பெயரை ஊருக்கு இடுதலும் நன்றியறிதலின் ஒரு வகையே. கல்வெட்டில் பொறிப்பதினும் அது நீடித்து நிற்கும்.

1802-ஐ அடுத்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் கிறித்தவராயினர். அதனோடு எதிர்ப்பும் பன்மடங்காயிற்று; தாவீது 1806-இல் மறைந்தார். பின்னர் ஏறத்தாழப் பத்தாண்டு, இச்சபைகளைப் புறத்திருந்து பேணுவார் அரியர். 1816-இல் படைக்குருவாகப் பாளையங்கோட்டைக்கு வந்த ஜேம்சு ஹஃப், சிதறிய சிற்றூர்களில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட கிறித்தவர் எஞ்சியிருக்கக் கண்டார். முதலூரும் நாசரேத்தும் அவர்தம் நிலைக்களங்களாய் விளங்கின. வெளியுதவி அற்ற இக்காலத்தில் மக்கள் கலைந்துபோகாமை, அவர்கள் பெற்றது பொருள் மட்டும் அன்று என்பதனைக் காட்டுகின்றது.

ரேனியசு ஐயர் 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்தார். தமிழ் இலக்கணம் எழுதியவர் என்ற அளவில் தமிழறிஞர் இவரை நன்கறிவர். ஆயின் 1830-இல் இவர் காலத்தில் தோன்றிய 'தர்ம சங்கம்' தமிழறிஞரின் கவனத்தை அத்துணை ஈர்க்கவில்லை. துன்புறுத்தப்பட்ட கிறித்தவர்க்கு நிலமும் மனையும் வாங்கிக் குடியமர்த்துதல், கோயிலும் பள்ளியும் எழுப்ப உதவுதல் ஆகியவை அதன் நோக்கங்கள். முதலூரின் பட்டறிவு ஓர் அமைப்பாக வடிவெடுத்ததே இச்சங்கம் எனலாம். வேறுபாடு ஒன்றுண்டு. முதலூர்க்கு நிலம் வாங்கக் கைகொடுத்தவர் ஓர் ஆங்கிலேயர். தர்ம சங்கத்துக்குத் தமிழ்க் கிறித்தவரும் தம்மிடமிருந்து காசு ஈந்தனர். முன்னொரு நாள் துரத்தப்பட்டவரும், அன்னார் மக்களும், இனித் துரத்தப்படுவார்க்கு முன்கூட்டியே இடம் தேடி வைத்தனர். தமக்கு உதவினாரைக் கண்டு கைம்மாறு செய்ய இயலாதவிடத்து, தாம் கண்டறியாத ஒருவர்க்கு அதனைச் செலுத்தினர்.

இதனோடு ஒப்பவைத்து எண்ணத்தக்கது கைப்பிடி அரிசி வழக்கம். உலை வைக்குமுன் இல்லத்தலைவி ஒரு பிடி அரிசியைத் தனிக்கலத்தில் இடுவாள். நிறைந்தபின் அது கோயிலுக்குச் செல்லும். காசு கையாளும் உரிமை பெண்டிர்க்கு அரிதாயிருந்த இல்லங்களில், அரிசிப்பானை அவர்கள் ஆட்சிக்குட்பட்டது. ஆகவே நாட்டுப்புறச் சபையின் நிதியைப் பெரிதும் தாங்கியவர் பெண்டிரே என்பது மிகையாகாது. சங்கங்களின் வரலாறு எழுதியோர் ஆடவர் பெயர்களையே நிரல்படுத்தினமை இரங்கத்தக்கது. ஸ்தோத்திரப் பண்டிகையும், அதன் இறுதியில் அனைவரும் ஒருங்கிருந்து உண்ணும் 'அசனமும்' இத்தகைய பிடியரிசியின்மேல் எழுந்தவை. ஓரிடத்துச் சமைத்ததை ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணுதல் அக்காலத் தமிழகத்தில் எளிய செயலன்று.

எல்லாரும் எஞ்ஞான்றும் அவ்வாறு அமர்ந்தனர் என்று கூறுதல் உண்மைக்கு மாறாகும். கத்தோலிக்கச் சபையைச் சார்ந்த வடக்கன்குளத்தில் வேளாளரையும் நாடாரையும் கோயிலுள் பிரித்த சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. அதன்மேல் வழக்கும் நடந்தது. துன்பம் மக்களை ஒன்றுசேர்க்கும் என்பர். சேர்க்கும், ஆயின் தத்தம் குலத்தார் எல்லைக்குள்ளேயே சேர்த்து நின்றுவிடுதலும் உண்டு.

நன்றியைப் பற்றிய மற்றொரு மோதல் இதனினும் கூர்மையானது. இடையன்குடியில் பணியாற்றிய கால்டுவெல், நாடார் குலத்தாரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதி 1849-இல் வெளியிட்டார். மேனாட்டுப் படிப்பாளரை நோக்கி எழுதப்பட்ட அந்நூல், அம்மக்களை இழித்துரைப்பதாக அவர்களாலேயே பின்னர் எதிர்க்கப்பட்டது. நாசரேத்தில் உபதேசியாராக இருந்து, அங்கிருந்த குருவோடு பிணங்கி விலக்கப்பட்ட சட்டாம்பிள்ளை என்பார், 1857-இல் மேனாட்டார் தலைமையை மறுத்துத் தனிச் சபை ஒன்று நிறுவினார். சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்ட அச்சபை பின்னரும் நிலைத்தது. அவரை நன்றிகெட்டவர் என்று கருதியோரும் உண்டு. இது பொருந்தாது என்பதே எம் கருத்து. உதவியை அறிதல் பெற்றவன் கடமை. அதனைக் கேட்டுப் பெறுதல் உதவினவன் உரிமையன்று. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தால் தமிழர் நெஞ்சில் நீங்கா இடம்பெற்ற கால்டுவெல்லுக்கு நாம் படும் கடன் பெரிது. அக்கடனை மறவாமலே இப்பிழையையும் கூறலாம்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாதுவருடப் பஞ்சம் இவ்வினாவை மீண்டும் எழுப்பிற்று. கொங்கு நாடு அதில் கொடிதும் நலிந்தது. 1871-இல் ஏறத்தாழ 17.6 இலட்சமாயிருந்த கோவை மாவட்ட மக்கள்தொகை, 1881-இல் 16.6 இலட்சமாகக் குறைந்தது. பத்தாண்டு இயல்பாகப் பெருகியிருக்கவேண்டிய தொகையையும் சேர்த்து எண்ணின் இழப்பின் அளவு புலனாகும். கொங்கு நாட்டு வேளாண்மை பெரும்பாலும் கிணற்றை நம்பியது. கவலை கட்டி எருது பூட்டி இறைப்பது. மழை பொய்த்தபோது கிணறு வற்றிற்று. தீவனமின்றி எருதும் மாண்டது. எருது மாண்டபின் மழை பெய்தும் இறைக்க வழியில்லை. ஆகவே இங்குப் பஞ்சத்தின் துன்பம் மழையோடு முடியவில்லை.

நெல்லை நாட்டில் கால்டுவெல்லும் சார்சண்டும் 1877 மார்ச்சுத் திங்களில் கல்கத்தாவில் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டுத் திரும்பிய காலம் இப்பஞ்சகாலமே. சபைகள் உணவளித்தன, பஞ்சத்தை ஒட்டிப் பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் கிறித்தவச் சபையைச் சார்ந்தனர். இவர்களை 'அரிசிக் கிறித்தவர்' என்று எள்ளினர் பலர். இவ்வெள்ளலை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. பசித்தவன் சோறிட்டவன் பின் செல்வதில் வியப்பில்லை. அதனை அன்பென்றும் விசுவாசமென்றும் உடனே கூறுதல் மிகைபடக் கூறலாம். பலர் பஞ்சம் நீங்கியபின் சபையினின்றும் நீங்கினர் என்பதும் உண்மை. ஆயின் தங்கியவரை அளத்தற்கு அவர்கள் பெற்ற அரிசியை அளவுகோலாகக் கொள்ளுதல் பொருந்தாது. அவர்கள் பின்னர் ஈந்ததனையும் காணல் வேண்டும்.

பஞ்சம் நீங்கி இருபத்தைந்து ஆண்டு கழிந்தபின், 1903 பெப்ருவரித் திங்களில் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் நிறுவப்பட்டது. வேதநாயகம் சாமுவேல் அசரியா அதனை முன்னின்று உருவாக்கினார். இந்தியப் பணமும் இந்திய ஆளுமே கொண்டு, ஐதராபாத்து நிசாம் ஆட்சிக்குட்பட்ட தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல் பகுதியில் பணிபுரிவது அதன் கோட்பாடு. மேனாட்டார் கொடையில் வளர்ந்தவர் எனப்பட்டோர், தம் மொழியும் பேசாத மக்களுக்குத் தம் காணிக்கையை அனுப்பலாயினர். அசரியா 1912-இல் தோர்ணக்கல் பேராயராகித் தம் எஞ்சிய வாழ்நாளை அங்கேயே கழித்தார். பிடியரிசி இவ்வாறு தமிழ்நாட்டெல்லையைக் கடந்தது. அரிசிக் கிறித்தவர் என்று எள்ளியோர் இவ்வரிசி சென்ற வழியையும் எண்ணியிருக்கலாம்.

இனிக் கொங்கு நாட்டை நோக்குவாம். இங்குக் கிறித்தவம் சீர்திருத்தச் சபையாரால் தொடங்கியதன்று. கருமத்தம்பட்டி பழைய கத்தோலிக்க நிலையம். மைசூர்ப் போர்க்காலத்தில் சிதறுண்ட இப்பகுதிக் கிறித்தவர் மீண்டும் அங்கே ஒன்றுசேர்ந்தனர். பிரெசில்லாக்கு என்னும் பிரெஞ்சுத் துறவி 1846-இல் அவ்வூரிலேயே ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். கோவையில் 1853-இல் கன்னியர் சபை ஒன்றும் தோன்றிற்று. சீர்திருத்தச் சபையாருள் இலண்டன் மிஷன் சங்கத்து ஆடிசு ஐயர் திருவிதாங்கூரில் சிறிதுகாலம் பணியாற்றி, 1830-இல் கோவைக்கு வந்து, ஏறத்தாழ முப்பது ஆண்டு தங்கினார். பாளையங்கோட்டையில் தர்ம சங்கம் தோன்றிய அதே ஆண்டு இஃது என்பது தற்செயலே, ஆயினும் குறிக்கத்தக்கது.

ஈரோட்டில் அச்சங்கத்தின் சார்பில் உழைத்த ஆஸ்திரேலியராகிய ஏ. டபிள்யூ. பிரப் பெயரால் ஓர் ஆலயம் விளங்குகின்றது. அந்நகரின் முதன்மையான சாலையொன்றும் நெடுங்காலம் பிரப் சாலை என்றே வழங்கிற்று. சாயர்புரத்தில் கண்ட பெயரிடு நன்றி இங்கும் தொடர்ந்தமை காண்க. அதே ஈரோட்டுப் பணிக்களத்தைச் சார்ந்த பாப்லி, கருநாடக இசையைக் கற்று நூல் எழுதியதோடு, 1931-இல் குறட்பாக்கள் பலவற்றை ஆங்கிலத்திற் பெயர்த்தும் வெளியிட்டார். சாயர்புரத்தில் பணிபுரிந்த போப்பு 1886-இல் திருக்குறளை மொழிபெயர்த்தமை யாவரும் அறிந்தது. நெல்லைச் சபையிலும் கொங்குச் சபையிலும் பணிபுரிந்த இவ்விருவரும் செய்ந்நன்றி அறிதல் பேசும் நூலையே தம் மக்களுக்குக் கொண்டுசெல்லத் தெரிந்தெடுத்தனர்.

நெல்லைச் சபைகள் ஆங்கிலிக்கன் மரபின. கொங்கு நாட்டு இலண்டன் மிஷன் சபைகள் பேராயர் ஆட்சியில்லாத மரபின. 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோதுதான் இவை ஓருடலாயின. அதற்கு முன்னும் பின்னும், ஆலைத்தொழிலையும் பள்ளி ஆசிரியப் பணியையும் அலுவலகப் பணியையும் நாடித் தென்மாவட்டக் குடும்பங்கள் கோவைக்கு வந்தன. நெல்லையில் வேறு மரபிற் பிறந்தவரும் கொங்கு நாட்டில் வேறு மரபிற் பிறந்தவரும் சிங்காநல்லூர் போன்ற ஆலைப்பகுதிகளில் ஒரே கோயிலில் வழிபட நேர்ந்தது. ஒருவர் ஸ்தோத்திரப் பண்டிகையையும் அசனத்தையும் நினைவிற் சுமந்து வந்தார். மற்றவர்க்குக் கிணறு வற்றிய பஞ்சம் பாட்டனார் வாய்மொழியாக எஞ்சியிருந்தது. கொங்கு உழவர்க்கு முதற்பலனை இறைவனுக்குப் படைத்தல் முன்பே பழகிய செயலாதலின், அறுப்பின் பண்டிகை அயல் வழக்காகத் தோன்றவில்லை.

கோவைப் பேராயம் 1950-இல் அமைந்தபோது அதன் முதற் பேராயராக வந்தவர் ஏ. ஜே. அப்பாசாமி. 1891-இல் பாளையங்கோட்டையிற் பிறந்த அவர், சைவத்தினின்று கிறித்தவரான வழக்கறிஞர் ஏ. எஸ். அப்பாசாமிப் பிள்ளையின் மைந்தர். கிறித்தவத்தைப் பக்திநெறியாக விளக்கி 1927-இல் அவர் வெளியிட்ட ஆங்கில நூல் தமிழ்ப் பக்திப் பாடல்களில் அவர்க்கிருந்த தோய்வை நன்கு காட்டும். 1959 வரை அவர் கோவையில் பேராயராக விளங்கினார். தர்ம சங்கம் பிறந்த ஊரினர், கவலை இறைத்த கிணறுகளின் நாட்டில், ஆலைத்தொழிலாளரும் உழவரும் ஆசிரியரும் அருகருகே அமர்ந்த சபைகளை ஒன்பது ஆண்டு நடத்தினார். இப்பகுதிக் கோயில் முற்றங்களில் இன்றும் ஏலத்தின் முதற்பொருள் பெரும்பாலும் ஒரு நெற்கதிர்க் கட்டோ பூசணிக்காயோ ஆகும். அதனை மிகுவிலைக்கு எடுத்தவர், பல வேளைகளில், அதனை மீண்டும் ஏலத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடுகின்றார்.